பிள்ளைகளுக்குக் குரல் கொடுத்தவள்

அவுக்கிச் சந்தையில் நெஸ்டாவைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் கிழங்கு வாங்க வருகிறவர்கள். மீதிப் பேர் கைக்குழந்தையை நீட்ட வருகிறவர்கள்.

"ஏ நெஸ்டா, இவன் காலையிலேர்ந்து என்னமோ சொல்லணும்னு துடிக்கிறான். என்னன்னு கேட்டுச் சொல்லு" என்று பிள்ளையை அவள் மடியில் போட்டுவிட்டு, தாய்க்காரி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

நெஸ்டா அவசரப்பட மாட்டாள். வாயில் அடக்கியிருந்த பாக்கை ஓரமாகத் துப்பிவிட்டு, பிள்ளையின் முதுகு தன் நெஞ்சில் படியும்படி வாகாகச் சாய்த்து, அதன் முகம் சந்தையைப் பார்க்கும்படி வைத்துக்கொள்வாள். பிறகு அவள் தொண்டை மெலிந்து, மூக்கு வழியாக ஒரு குரல் வரும். அந்தக் குரல் வந்துவிட்டால் அங்கே நெஸ்டா இல்லை. மூன்று மாதப் பொடியன் ஒருவன்தான் சந்தையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பான்.

"ரோலண்ட் மாமா, நேத்து வித்த மீனைத்தானே இன்னிக்கும் விக்கிறீங்க? பாவம், காத்துக் காத்து அதுக்குக் கண்ணே குழிஞ்சு போச்சு. எனக்குப் பல்லுதான் இல்ல மாமா, மூக்கு இருக்கு."

சந்தை கொல்லென்று சிரிக்கும். மீன்காரர் ரோலண்ட், "பொறந்து மூணு மாசம் ஆகல, வாயைப் பாரேன்!" என்று பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, நல்ல மீனாக ஒன்றை எடுத்துத் தாயின் கூடையில் போடுவார். கோபப்பட முடியாது. சொன்னது பிள்ளை. பிள்ளை சொன்னதற்குப் பெரியவர்கள் கோபித்துக்கொள்வது மலைட்டாத் தீவில் வழக்கமில்லை. நெஸ்டாவின் மடியில் உட்கார்ந்து ஒரு பிள்ளை தன் குடிகாரச் சித்தப்பனைத் திட்டித் திருத்தியிருக்கிறது. இன்னொரு பிள்ளை, பேச்சுவார்த்தை அற்றுப்போன இரண்டு வீடுகளுக்கு நடுவே, "எனக்கு ரெண்டு பக்கமும் மாமா வேணும்" என்று சொல்லிச் சமாதானம் பண்ணியிருக்கிறது.

அந்த ஊரில் எந்தப் பிள்ளையும் பதில் சொல்லத் தெரியாமல் திருதிருவென்று விழித்தது கிடையாது. யாராவது கூப்பிடுவார்கள், வைத்திருக்கிறவள் பிள்ளையின் வாயாக இருந்து பதில் சொல்வாள். நடுவில் பிள்ளை, ஊர் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, பேச்சு என்பது போய் வருகிற ஒன்று என்று படித்துக்கொள்ளும். எல்லாத் தாய்மார்களும் செய்கிற வேலைதான். ஆனால் நெஸ்டா மாதிரி செய்ய யாராலும் முடியாது. மலைக்கு மேலே ஒன்பது பிள்ளைகள் இருந்த வீட்டில் நடுப்பிள்ளையாகப் பிறந்து, ஏழு வயதிலேயே தம்பி தங்கைகளை இடுப்பில் தூக்கி வளர்ந்தவள். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டாள். அவள் படித்ததெல்லாம் பிள்ளைகளைத்தான்.

அப்படிப்பட்டவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் மடி நிறையவில்லை. புருஷன் மோஃபட், தலைநகர் ஹோனியாராவுக்கும் அவுக்கிக்கும் போய்வருகிற கப்பலில் சரக்கு இறக்கும் சுழல்பொறியைச் சுற்றுகிறவன். வாயைத் திறந்தால் நாலு வார்த்தைக்கு மேல் வராது. அவன் அக்காள் டோர்காஸுக்கு அந்தக் குறை இல்லை.

"ஊர்ப் பிள்ளைங்க பேச்சையெல்லாம் இவளே பேசித் தீத்துட்டா. இவளுக்குன்னு ஒண்ணு வந்தா அதுக்குப் பேச என்ன மிச்சம் இருக்கும்?" என்று டோர்காஸ் ஒரு தடவை விளையாட்டாகச் சொன்னாள். நெஸ்டாவும் சிரித்தாள். சிரித்தது வாய்தான்.

முப்பத்தாறு வயதில் எஸ்லின் பிறந்தாள்.

*

பிறந்த மூன்றாம் வாரத்தில் பிள்ளைக்குக் கடும் காய்ச்சல் வந்து, எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. பிழைத்து வந்த பிள்ளை கொழுகொழுவென்று ஆனாள். நாலாம் மாதம் குப்புற விழுந்தாள். ஏழில் உட்கார்ந்தாள். கண் இரண்டும் கருநாவல் பழம். எதைப் பார்த்தாலும் விடமாட்டாள், பார்த்துக்கொண்டே இருப்பாள்.

நெஸ்டாவின் குரல் உச்சத்துக்குப் போனது அந்தப் பத்து மாதத்தில்தான். ஊர்ப் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் குரல் கொடுத்தவள், இப்போது விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை சொந்தப் பிள்ளைக்குக் கொடுத்தாள். எஸ்லின் சுண்ணாம்பு விற்கும் வேராவோடு சண்டை போட்டாள், பாதிரியாருக்குப் பிரசங்கம் செய்தாள், ரோலண்ட் மாமாவின் வழுக்கையைப் பற்றி விசாரித்தாள். கேட்பதற்கென்றே லாரிக்காரர்கள் இறங்கி வந்து நிற்பார்கள்.

கப்பல் துறைக்குள் நுழையும்போது ஊதுகிற ஊதலில் சந்தைத் தகரமே அதிரும். கைக்குழந்தைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் வீறிடும். எஸ்லின் மட்டும் கையில் இருந்த வாழைப்பழத் தோலை நிதானமாக உரித்துக்கொண்டிருப்பாள்.

"பாருங்கடி, இது எவ்வளவு தைரியம்!" என்பாள் வேரா.

உடனே மூக்குக் குரல் வரும்: "நான் எதுக்கு அத்தை பயப்படணும்? கப்பல் எங்கப்பாவோடது. கேப்டன் சும்மா கூட வர்றாரு."

சந்தை சிரித்து உருளும். ஊதலுக்குப் பிள்ளை ஏன் திரும்பவில்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பதில்தான் வந்துவிட்டதே.

*

பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு மூன்று நாள் பாடல் பயிற்சி. மழையில் நனைந்துகொண்டு பாடியதில் நெஸ்டாவின் தொண்டை கட்டியது. நாலாம் நாள் காலை வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

சந்தைக்கு வழக்கம்போலப் போனாள். எஸ்லினை நெஞ்சில் சாய்த்து, முகத்தை ஊர்ப்பக்கம் வைத்து உட்கார்ந்தாள். எதிர் வரிசையிலிருந்து ரோலண்ட், "எஸ்லின் பாப்பா! ராத்திரி கனவுல யார் வந்தா? நானா?" என்று குரல் விட்டார்.

நெஸ்டா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

ரோலண்ட் காத்திருந்தார். வேரா காத்திருந்தாள். அந்த வரிசை முழுவதும், சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, எஸ்லினைக் கூப்பிட்ட கூப்பாடு போன இடத்திலேயே நின்றது.

"ஏ எஸ்லின் பாப்பா!" என்று மறுபடியும் கூப்பிட்டார் ரோலண்ட்.

பிள்ளை ரோலண்ட் பக்கம் பார்க்கவே இல்லை. மாறாகக் கழுத்தை வளைத்து, பின்னால் திரும்பி, தாயை அண்ணாந்து பார்த்தாள். உள்ளங்கையை நெஸ்டாவின் நெஞ்சுக் குழியில் வைத்துத் தட்டினாள். பாலுக்குத்தான் என்று நெஸ்டா ரவிக்கையைத் தூக்கினாள். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் தட்டினாள். பிறகு தொண்டையைத் தொட்டாள். அணைந்த அடுப்பைக் கிளறிப் பார்க்கிறவள் போல் இருந்தது அந்தத் தட்டல்.

"கூப்பிட்டாத் திரும்பலையே, காது குடைச்சலோ என்னமோ" என்று சொல்லிக்கொண்டே வேரா பின்பக்கமாக வந்து, சுண்ணாம்பு டப்பாவைக் கரண்டியால் டங் டங்கென்று அடித்தாள். நாலு கடை தள்ளித் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை திடுக்கிட்டு அழுதது. எஸ்லின் தட்டிக்கொண்டிருந்தாள்.

வேரா இன்னொரு தடவை அடித்தாள். அப்புறம் அடிக்கவில்லை. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நெஸ்டா கிழங்கை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

வீட்டுக்குப் போய் மோஃபட்டிடம் சைகையால் சொன்னாள். அவன் நம்பவில்லை. பிள்ளைக்குப் பின்னால் நின்று இரும்புச் சட்டியைத் தரையில் போட்டான். எஸ்லின் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

"பாத்தியா! கேக்குது!" என்றான் மோஃபட். அவன் முகத்தில் ரத்தம் திரும்பியது.

நெஸ்டா தலையை ஆட்டினாள். சட்டியை எடுத்து, வெளியே மண்ணில் இறங்கி, வாசலுக்கு நேராக நின்று கல்லால் ஓங்கி அடித்தாள். கோழிகள் பறந்தன. நாய் ஓடியது. எஸ்லின் பாய்க் கோரையை விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். சட்டி உள்ளே விழுந்தபோது அவள் கேட்டது பலகைத் தரையின் அதிர்வை.

மோஃபட் படியில் உட்கார்ந்தான்.

*

ஆஸ்பத்திரி நர்ஸ் மார்ஜரிக்கு வரிசையில் இன்னும் முப்பது பேர் இருந்தார்கள். கிலுகிலுப்பையைப் பிள்ளையின் இந்தக் காதோரம், அந்தக் காதோரம், முதுகுக்குப் பின்னால் ஆட்டினாள். ஏட்டில் எழுதினாள்.

"பொறந்த புதுசுல வந்த காய்ச்சலா இருக்கலாம். கொஞ்சம் கேக்குதா, ஒண்ணுமே கேக்கலையான்னு இங்க சொல்ல முடியாது. காது டாக்டருங்க வெளிநாட்டிலேர்ந்து ஹோனியாராவுக்கு வரும்போது பேர் எழுதி வைக்கிறேன். எப்போ வருவாங்கன்னு என்னைக் கேக்காதீங்க."

"அதுவரைக்கும் என்ன பண்றது சிஸ்டர்?" மோஃபட் கேட்டான். நெஸ்டாவுக்கு இன்னும் குரல் இல்லை.

"விளையாடுங்க."

மோஃபட் அவளை வெறித்துப் பார்த்தான். மருந்து கேட்டு வந்தவனிடம் பாட்டுப் பாடச் சொன்னது போல் இருந்தது அவனுக்கு.

மார்ஜரி பெருமூச்சு விட்டாள். மேஜையிலிருந்து ஒரு சிவப்பு மூடியை எடுத்து எஸ்லின் முன்னால் வைத்தாள். பிள்ளை கை நீட்டுவதற்குள் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். எஸ்லின் துண்டைப் பார்த்தாள். மார்ஜரியைப் பார்த்தாள். துண்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்து, மூடியை எடுத்துக்கொண்டாள். மார்ஜரி மூடியை வாங்கி, இந்தத் தடவை தன் உள்ளங்கைக்குள் வைத்துத் துண்டுக்கு அடியில் கையை நுழைத்து, மூடியை அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்கையைப் பொத்தியபடி வெளியே எடுத்தாள். எஸ்லின் மார்ஜரியின் கையை விரித்துப் பார்த்தாள். இல்லை. ஒரு நொடி அசையாமல் இருந்தாள். பிறகு துண்டைத் தூக்கினாள்.

"பாத்தீங்களா? மறைஞ்சுபோனது இல்லாமப் போகலைன்னு அவளுக்குத் தெரியுது. கை வெறுமையா இருந்தா எங்க விட்டிருப்பாங்கன்னு யோசிக்கத் தெரியுது. இவளுக்குப் பத்து மாசம். காதுக் கதவு சாத்தியிருக்குன்னா புத்தியும் உள்ள சுருண்டு படுத்திருக்கும்னு நினைக்காதீங்க. அது வேற கதவைத் தேடிக்கிட்டு இருக்கு. திறந்து விடுங்க. கண்ணுக்கு, கைக்கு, தோலுக்கு. முகத்துக்கு முகம் பாத்து." பிறகு நெஸ்டாவிடம் திரும்பி, "நீ சந்தையில குரல் கொடுக்கிறவதானே? நான்கூட வந்து சிரிச்சிருக்கேன். பிள்ளையை முதுகு காட்டி வெச்சுக்கிட்டு நீ அந்தப் பேச்சுப் பேசும்போது, அவ முகம் என்ன சொல்லுச்சுன்னு யாரு பாத்தா?" என்றாள்.

அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி நெஸ்டாவோடு வீட்டுக்கு வந்தது. பத்து மாதம், நாள் முழுவதும் எஸ்லினாகப் பேசியவள் அவள். எஸ்லின் பேசியது ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்து, பிள்ளையை நெஞ்சில் சாய்த்து உட்கார்ந்திருந்தபோது நெஸ்டாவின் தொண்டையில் ஏதோ பிடி விட்டது. இருமலோடு கரகரவென்று ஒரு ஓசை வந்தது. சோதித்துப் பார்க்க, வாயை மூடியபடியே ம்ம்ம் என்று முனகினாள்.

எஸ்லின் அசைவற்றுப் போனாள். அப்படியே முதுகை நன்றாக அழுத்திச் சாய்ந்துகொண்டாள். பிறகு, உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள்.

நெஸ்டாவுக்குப் புரிந்தது. பிள்ளை நெஞ்சைத் தட்டியது பாலுக்கு அல்ல. குரலுக்கு. ஊருக்கே கேட்ட அந்தக் குரல் பிள்ளையின் காதுக்குப் போகவே இல்லை. எலும்பு வழியாக, நெஞ்சிலிருந்து முதுகுக்குப் போய்க்கொண்டிருந்தது. அது நின்றுபோன அன்று, ஊரில் மற்றவர்கள் எல்லாம் பதிலுக்குத்தான் காத்திருந்தார்கள். இவள் ஒருத்திதான் குரலைக் காணோம் என்று தேடினாள். முதுகால் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை! அதை வைத்துக்கொண்டு, தாய்க்காரி ரோலண்டின் வழுக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

*

குரல் முழுதாகத் திரும்பிய பிறகும் நெஸ்டா எஸ்லினுக்காகப் பேசவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். சொந்தப் பிள்ளைக்கு மட்டும் இல்லை. அதுமட்டுமா? எஸ்லினைத் திருப்பி, தன்னைப் பார்க்கும்படி எதிரில் உட்கார வைத்துக்கொண்டாள். சந்தைக்கு முதுகு.

அவள் ஊரில் அது சின்ன விஷயமில்லை. பிள்ளையின் முகம் ஊருக்குச் சொந்தம். அதைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறவள், விருந்துச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறவள்.

"என்னடி இது, பிள்ளையைப் பூட்டி வெச்சிருக்க?" என்றாள் வேரா.

ரோலண்ட், "எங்க மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றார். சிரிப்பாகத்தான் கேட்டார். ஆனாலும் மனசு கொஞ்சம் கோணியிருந்தது தெரிந்தது.

டோர்காஸ் சுற்றி வளைக்கவில்லை. மலையிலிருந்து இறங்கி நேராக வீட்டுக்கே வந்தாள்.

"காது கேக்காத பிள்ளைக்கு நீதான் ரெண்டு பங்காப் பேசணும். நீயும் வாயை மூடிட்டா அது என்ன கதியாகும்?"

"நான் பேசினா அது என் பேச்சு மதினி. அவ பேச்சு இல்ல."

"பிள்ளைக்கு ஏதுடி பேச்சு? நாம கொடுக்கிறதுதான் பேச்சு. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நாளைக்கு நடக்க ஆரம்பிச்சதும், ஒரு பிள்ளையை நம்ம ஜனம் எப்படிப் பாக்கும்? 'இந்தா, இதைக் கொண்டுபோய் அத்தைகிட்ட கொடு', 'போய்ச் சித்தப்பாவைக் கூப்பிட்டு வா'ன்னு ஏவுவாங்க. ஏவினதைச் செஞ்சா அது பிள்ளை. ஏவ ஆள் இல்லாத பிள்ளை வீட்டு மூலையில சாத்தி வெச்ச கம்பு. சோறு போடுவோம், பாசமா இருப்போம், ஆனா யாரும் ஏவ மாட்டாங்க. வருஷப் பிறப்புக்கு எல்லாரும் கூடுவோமே, அன்னிக்குத் தெரியும்."

டோர்காஸ் கெட்டவள் இல்லை. போகும்போது பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அதனால்தான் அந்தச் சொல் அதிகமாகக் குத்தியது. நெஸ்டாவின் பயத்துக்கு அன்றிலிருந்து ஒரு பெயர் கிடைத்தது. தன் மகளை யாராவது ஒருவர் ஏவ வேண்டும்.

ஆனால் எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த வித்தை ஒன்றுதான், அதையும் விட்டாயிற்று. ஆகவே வேறு வழியில்லாமல் பிள்ளையின் முன்னால் வெறுமனே உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தாள்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் கன்னத்தை உப்பிக் காட்டினாள். எஸ்லின் இரண்டு கையாலும் அமுக்கினாள். புஸ்ஸென்று காற்று அவள் முகத்தில் அடித்தது. பிள்ளை கண்ணை இறுக மூடித் திறந்தாள். ஊம், இன்னொரு தடவை என்று கன்னத்தைத் தொட்டாள். பத்துத் தடவை, இருபது தடவை. இருபத்தோராவது தடவை எஸ்லின் தன் கன்னத்தை உப்பிக்கொண்டு, முகத்தை முன்னால் நீட்டிக் காத்திருந்தாள்.

நெஸ்டாவுக்கு அமுக்கக் கை வரவில்லை. என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. இது கேள்வி. நீ கேட்டாய், நான் பதில் சொன்னேன், இப்போது நான் கேட்கிறேன், நீ சொல். சந்தையில் அவள் வாயாலேயே போட்டு நிரப்பிய அத்தனை பேச்சும் இதுதான். அது குரலே இல்லாமல் அவள் முன்னால் கன்னத்தை உப்பி உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு பார்த்த இடமெல்லாம் பேச்சாக இருந்தது. கூரைக் கீற்று இடுக்கில் விழும் வெயில் வட்டத்தைப் பிடிக்கப் போய், அது கையின்மேல் ஏறிக்கொண்டதும், கையைத் திருப்பிப் பார்த்து, 'இது எப்படி?' என்று தாயைக் கேட்டாள். சிரட்டைக்குள் கூழாங்கல்லைப் போட்டு, ஆட்டி, அதன் துடிப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நெஸ்டாவின் கன்னத்திலும் வைத்தாள்: 'உனக்கும் தெரிகிறதா?' தண்ணீரைக் குவளையிலிருந்து குவளைக்கு ஊற்றினாள். முதலில் சிந்தினாள், பிறகு சிந்தாமல் ஊற்ற எங்கே பிடிக்க வேண்டும் என்று தானே கண்டுபிடித்தாள், கண்டுபிடித்த பிறகு வேண்டுமென்றே சிந்தினாள். எதுவுமே சும்மா இல்லை. ஒவ்வொன்றையும் கேட்டு, சோதித்து, முடிவுகட்டி, அடுத்ததுக்குப் போனாள். இந்தப் பிரபஞ்சத்தை இன்றைக்குத்தான் யாரோ அவளிடம் ஒப்படைத்து, சரிபார்த்துச் சொல் என்று விட்டது போல.

மோஃபட் கப்பலிலிருந்து வரும்போதெல்லாம் ஏதாவது கொண்டுவந்தான். முடிச்சுப் போட்ட கயிறு, வலை மிதவை, துருப்பிடிக்காத வளையங்கள். பலகைத் தரையில் மகளோடு குப்புறப் படுத்து, விரலால் பலகையைத் தட்டுவான். அவள் இரண்டு முழம் தள்ளிக் காதை, இல்லை, கன்னத்தைப் பலகையில் வைத்துக் கேட்டு, திருப்பித் தட்டுவாள். பேசத் தெரியாத அப்பனுக்கும் கேட்கத் தெரியாத மகளுக்கும் அப்படிப் பொருந்திப் போயிற்று.

"ரெண்டு மரங்கொத்தி" என்பாள் நெஸ்டா.

"பொறாமைப்படாத" என்பான் மோஃபட்.

அக்டோபரில் ஒரு மத்தியானம். எஸ்லின் அப்போதுதான் தனியாக நாலு அடி நடக்க ஆரம்பித்திருந்தாள். சந்தையில் கிழங்குக் குவியலைப் பிடித்துக்கொண்டு நின்றவள், நெஸ்டாவின் முழங்காலைத் தட்டினாள். வலது கையை முஷ்டியாக்கி, காற்றில் வட்டமாகச் சுற்றினாள். பிறகு துறைமுகம் இருக்கும் பக்கம் பார்த்தாள். கடலில் ஒன்றும் இல்லை.

மறுபடியும் சுற்றினாள். கொஞ்சம் பாரமாக, எதையோ கஷ்டப்பட்டுச் சுற்றுவது போல.

நெஸ்டா தன் முஷ்டியையும் அப்படியே சுற்றிப் பார்த்தாள். சுழல்பொறி. கப்பலில் மோஃபட் சுற்றுகிற சுழல்பொறி. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்து வைத்திருந்து, உள்ளே எங்கேயோ மடித்து வைத்து, அவன் இல்லாத ஒரு மத்தியானம் அவனை எடுத்து வெளியே காட்டுகிறாள். இல்லாத ஒருவனுக்குப் பெயர் வைத்திருக்கிறாள். பெயர் என்பது வேறு என்ன?

"என்னடி, என்ன சுத்துறா?" என்றாள் வேரா.

"அவங்கப்பாவைக் கேக்குறா" என்றாள் நெஸ்டா. மூக்குக் குரலில் அல்ல. தன் குரலில்.

வேரா சுண்ணாம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். ரோலண்ட் எதிர் வரிசையிலிருந்து எழுந்து வந்து, மீன்வாடைக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு, பிள்ளைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வழுக்கைத் தலையைக் குனிந்து காட்டினார். எஸ்லின் அதை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள்.

*

வருஷப் பிறப்பு வந்தது. மோஃபட்டின் மலையூரில் அறுபது பேர் கூடியிருந்தார்கள். பெண்கள் மரவள்ளியைத் துருவித் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்தார்கள். அடையைச் சுட்டெடுக்கும் கற்கள் நெருப்பில் சிவந்துகொண்டிருந்தன. அடையைப் பொதிய, தணலில் வாட்டிய வாழை இலைகள் கொட்டகை ஓரத்தில் அடுக்கிக் கிடந்தன.

பிள்ளைகளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "ஏய், உப்பைக் கொண்டா!" "மாமாகிட்ட தீக்குச்சி வாங்கிட்டு வா!" "இந்தத் தண்ணியை அத்தைக்குக் கொடு, சிந்தாத!" எஸ்லினைவிட இரண்டு மாதம் சின்னவன் ஒருத்தன், ஒரு தேங்காய்ச் சில்லைத் தூக்கிக்கொண்டு தத்தக்கா பித்தக்கா என்று ஓடினான், கொடுக்கவேண்டியவரிடம் கொடுத்தான், எல்லாரும் கொண்டாடினார்கள். எஸ்லினை எல்லாரும் தூக்கினார்கள், கொஞ்சினார்கள், வாயில் எதையாவது ஊட்டினார்கள். கீழே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். காலையிலிருந்து யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை.

நெஸ்டா தேங்காய் துருவிக்கொண்டே பார்த்தாள். விரலைத் துருவிக்கொண்டது பிறகுதான் தெரிந்தது. ஒரு குரல் கொடுத்தால் போதும். 'அத்தை, எனக்கும் ஒரு வேலை கொடுங்க' என்று மூக்கால் சொன்னால், உடனே சிரித்து, இரக்கப்பட்டு, ஏதாவது கொடுப்பார்கள். அது அவளுக்கு ஒரு மூச்சு வேலை. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

டோர்காஸ் இரண்டு கையும் மாவாக, அடை பொதிந்துகொண்டிருந்தாள். கையிலிருந்த இலை தீர்ந்தது. நிமிர்ந்து, இலைக் குவியலைப் பார்த்தாள். ஏவ ஆள் தேடி அங்கேயும் இங்கேயும் பார்த்தாள். ஓடுகிற கால்கள் எல்லாம் வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தன.

அவள் எதிரே நின்றிருந்தவள் எஸ்லின். அத்தையின் கண் போன வழியைப் பார்த்தாள். கொட்டகை ஓரத்துக்கு நடந்தாள். தன்னைவிட நீளமான இலை ஒன்றை இழுத்துக்கொண்டு, தடுக்கி, உட்கார்ந்து, எழுந்து, வந்து டோர்காஸின் முழங்காலில் போட்டாள்.

டோர்காஸ் அசந்துபோய் இலையை விரித்தாள். நடுவில் கிழிசல். பிள்ளையிடம் சொல்லிப் பயனில்லை என்பதால், தனக்குத்தானே உதட்டைப் பிதுக்கி, கிழிசலுக்குள் விரலை விட்டு ஆட்டி, இலையை ஓரமாகத் தள்ளினாள்.

எஸ்லின் அந்த விரலைப் பார்த்தாள். கிழிசலைப் பார்த்தாள். திரும்பிக் குவியலுக்குப் போனாள்.

இந்தத் தடவை ஓர் இலையைத் தூக்கி, உடனே இழுத்து வரவில்லை. இரண்டு கையாலும் அதைத் தன் முகத்துக்கு முன்னால் உயர்த்தி, வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். பச்சை வெளிச்சம் அவள் முகமெல்லாம் விழுந்தது. உற்றுப் பார்த்தாள். அதைப் போட்டுவிட்டாள். அடுத்ததைத் தூக்கினாள். வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தாள். மூன்றாவது இலை. அதில் கிழிசல் வழியாக ஒரு பொட்டு வெளிச்சமும் வரவில்லை. அதைக் கொண்டுவந்தாள்.

கொட்டகையில் துருவுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றிருந்தது. பதினாறு மாதப் பிள்ளை இலை பொறுக்குவதைப் பார்த்தபடி, பெண்கள் கையைத் தூக்கியது தூக்கியபடி இருந்தார்கள். யாரோ மெல்ல, "ஆண்டவரே" என்றார்கள்.

டோர்காஸ் இலையை வாங்கி விரித்தாள். நகக்கீறல்கூட இல்லை.

"நெஸ்டா…" டோர்காஸ் இலையைத் தூக்கிக் காட்டினாள். "இவ என்ன சொல்றாடி?"

அறுபது பேரும் நெஸ்டாவைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரிந்த அந்த மூக்குக் குரலுக்காகக் காத்திருந்தார்கள். நெஸ்டாவின் தொண்டை வரை அது வந்தும் விட்டது. விழுங்கினாள்.

"அவகிட்டயே கேளுங்க மதினி."

டோர்காஸ், முட்டிவலிக்காரி, முனகிக்கொண்டே பலகையிலிருந்து இறங்கி மண்ணில் முழங்காலிட்டாள். பிள்ளையின் முகத்துக்கு நேராகத் தன் முகம் வரும்வரை குனிந்தாள். எஸ்லின் அவளைப் பார்த்தாள். டோர்காஸ் மாவுக்கையால் இலையைத் தொட்டு, குவியலைக் காட்டி, ஒரு விரலைத் தூக்கினாள்: இன்னொன்று.

எஸ்லின் போனாள். பார்த்து எடுத்தாள். கொண்டுவந்தாள்.

இன்னொன்று.

மோஃபட் கல்லடுப்புப் பக்கமிருந்து, "அக்கா, அடைக்குப் பத்து இலை போதுமே, எதுக்கு இத்தனை?" என்றான். டோர்காஸைச் சுற்றி அப்போதே இருபதுக்கு மேல் கிடந்தது. கற்கள் ஆறிக்கொண்டிருந்தன. மாவு நீர்விட ஆரம்பித்திருந்தது.

"நீ உன் வேலையைப் பாருடா" என்றாள் டோர்காஸ். கண்ணைத் துடைக்கப் போய் முகமெல்லாம் மாவாக்கிக்கொண்டு, மறுபடியும் ஒரு விரலைத் தூக்கினாள்.